தூணோரம் நின்ற ஆந்தை

“உங்க வீட்டுக்காரர் படத்துல எந்த இடத்துல வர்றார்?” என்று ஜஸ்பிந்தர் ஒருநாள் லோர்னாவைக் கேட்டாள். பண்ணைக் கொட்டகையில் இருவரும் எதிரெதிரே நின்று புளூபெர்ரிப் பழங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்கென்ன தெரியும். மூஞ்சியில ஆந்தையை மாட்டி விட்டுட்டாங்களாம்,” என்றாள் லோர்னா.

ஆஸ்திரேலியாவின் கடலோர ஊரான வூல்கூல்காவில் பஞ்சாபிகள் ஞாயிறு மதியம் கூடத்தை வாடகைக்கு எடுத்து இந்திப் படம் போடுவார்கள். ஜஸ்பிந்தரின் குடும்பம்தான் அதை நடத்தியது. லோர்னாவும் அவள் கணவன் டெஸ்ஸும் முதன்முதலில் அங்கே போனது சமோசாவுக்காக. பிறகு படமே பிடித்துப்போனது. கதாநாயகன் ஓடுகிற ரயிலிலிருந்து ஹெலிகாப்டருக்குத் தாவினால் டெஸ் தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பார். “பாரு, ஒரு சொட்டு வேர்வை இல்ல. நான் மாடிப்படி ஏறினாலே நாலு தரம் உட்கார்றேன்.” பாட்டு வந்தால் லோர்னாவுக்குக் கால் தாளம் போடும். கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் பாதியில் படிப்பதை விட்டுவிடுவாள். கொள்ளையடிக்கப் போகிறவன் நடுவழியில் ஏன் பனிமலையில் ஆடுகிறான் என்று முதலில் கேட்டவள், பிறகு பனிமலை வராத படத்துக்குக் குறைப்பட்டுக்கொள்ள ஆரம்பித்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் கோல்டு கோஸ்ட்டில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. ஸூரிக் நகரத்து வங்கி என்று காட்ட அங்கே ஒரு கட்டடத்தைப் பிடித்திருந்தார்கள். வங்கியில் நிற்க வெள்ளைக்காரர்கள் வேண்டும் என்று ஜஸ்பிந்தரின் மச்சான் ஆள் திரட்டினான். டெஸ் விடியுமுன் கிளம்பிப் போய், இருட்டிய பிறகு திரும்பினார்.

“வெள்ளைக்கார மூஞ்சி வேணும்னு கூப்பிட்டுட்டு, நாள் பூரா மூடியே வெச்சிருந்தாங்க. ஒரு மாட்டை நிறுத்தியிருந்தாலும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது,” என்றார் லோர்னாவிடம்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் பாறை முனைக்கு மீன் பிடிக்கப் போனார். தூண்டிலும் வாளியும் பாறை மேலேயே இருந்தன. வாளியில் ஒரு மீன் இன்னும் துடித்துக்கொண்டிருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆளைக் கடல் திருப்பித் தரவேயில்லை.

பிரிஸ்பேனிலிருந்து மகள் கெரின் போனில் கெஞ்சினாள். “அம்மா, சர்ச்சுல ஒரு பிரார்த்தனை வெச்சுடலாம்மா. எத்தனை நாள் இப்படியே இருப்ப?”

“முகத்தைப் பார்க்காம எப்படிடி அனுப்பி வைக்கிறது? ஒரு தரம் பார்த்துட்டா போதும். அப்புறம் நீ சொல்ற மாதிரி செய்யலாம்.”

அப்போதுதான் டெஸ் போய் நின்ற அந்தப் படம் வந்தது. முகமூடி போட்டிருந்தால் என்ன, எங்காவது ஓர் இடத்தில் கழற்றித்தானே ஆக வேண்டும் என்று லோர்னா நினைத்துக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு போய், வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள்.

படம் அவளை இழுத்துக்கொண்டது உண்மை. கொள்ளைக்காரன் கண்ணாடிக் கூரையைப் பிளந்துகொண்டு இறங்கியபோது பையன்களோடு சேர்ந்து அவளும் விசிலடித்தாள். வங்கியில் இருந்த அத்தனை பேருக்கும் வெள்ளை ஆந்தை முகமூடியை மாட்டிவிட்டு, தானும் ஒன்றை மாட்டிக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்டான். இனி யார் திருடன், யார் அப்பாவி என்று போலீசுக்குத் தெரியாது. பெண் இன்ஸ்பெக்டர் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொரு முகமூடியாகக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

வரிசையின் கடைசியில், தூணோரமாக ஒரு ஆந்தை நின்றது. உடம்பின் பாரத்தை ஒரே காலில் போட்டுக்கொண்டு, மற்றக் கால் ஷூவின் முனையால் கெண்டைக்காலைச் சொறிந்தது. லோர்னா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். அந்தச் சொறிதலை அவள் கல்யாண நாளிலிருந்து பார்த்து வருகிறாள்.

இன்ஸ்பெக்டரின் கை அந்த முகமூடியின் விளிம்பைத் தொட்டது. உடனே திரையில் வேறு காட்சி வந்தது. மோட்டார் சைக்கிள் ஒன்று கண்ணாடியை உடைத்துக்கொண்டு பறந்தது. கூடமே ஆர்ப்பரித்தது.

படம் நன்றாக ஓடியதால் அடுத்த ஞாயிறும் அதையே போட்டார்கள். லோர்னா போனாள். இந்த முறை காட்சி கொஞ்சம் தாமதித்து மாறியது. முகமூடி தாடை வரை ஏறிவிட்டது. நரைத்த தாடி முட்கள் தெரிந்தன. அதற்கு அடுத்த ஞாயிறு கீழுதடும் தெரிந்தது. அது நீலமாக இருந்தது. முகமூடிக்குள்ளிருந்து தண்ணீர் ஒழுகிக் காலரை நனைத்து, வங்கியின் பளிங்குத் தரையில் சொட்டியது. இன்ஸ்பெக்டர் அந்தத் தண்ணீரில் கால் வைத்துக்கொண்டே தன் வசனத்தைப் பேசினாள். பக்கத்து நாற்காலிக்காரர் சமோசாவைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கொட்டகையில் லோர்னா ஜஸ்பிந்தரைத் தனியே கூப்பிட்டாள். “அந்த வங்கிக் காட்சியை எனக்கு ஒரு தரம் போட்டுக் காட்டு.”

வேலை முடிந்ததும் ஜஸ்பிந்தர் தன் மடிக்கணினியில் போட்டாள். ஆந்தைகள் வரிசையாக நின்றன. முகமூடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. தூண் இருந்தது. தூணோரம் யாருமில்லை.

“இங்கதான் நிப்பார்,” என்று லோர்னா விரலை வைத்துக் காட்டினாள்.

ஜஸ்பிந்தர் கணினியை மூடினாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். “லோர்னா, தப்பா எடுத்துக்காதீங்க. என் மச்சான்கிட்ட கேட்டேன். கோல்டு கோஸ்ட்ல எடுத்ததுல ஒரு காட்சிகூட படத்துல இல்லையாம். வெளிச்சம் சரியில்லைன்னு மும்பையில செட்டு போட்டு மறுபடி எடுத்தாங்களாம். இவங்கெல்லாம் அங்க உள்ள ஆளுங்க.”

“அப்படியா,” என்றாள் லோர்னா.

“நான் வேணா இந்த ஞாயிறு வேற படம் போடச் சொல்றேன்.”

“வேணாம். இதையே போடு. கொஞ்சம்தான் பாக்கி இருக்கு.”

ஜஸ்பிந்தர் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். ஆனாலும் ஞாயிறு மதியம் அவள்தான் வந்து லோர்னாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “இன்னியோட இந்தப் படம் கடைசி,” என்று மெல்லச் சொன்னாள். வெளியே வெயில் தகித்தது. கூடத்துக்குள் மின்விசிறிகள் சுற்றியும் யாருக்கும் வேர்வை அடங்கவில்லை. லோர்னா மட்டும் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

திரையில் கூரை பிளந்தது. இன்று அவளுக்கு விசில் வரவில்லை. ஆந்தைகள் வரிசையில் நின்றன. தூணோரம் அவர் நின்றார். சட்டை முழுவதும் உடம்போடு ஒட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் இன்னும் வரிசையின் நடுவில்தான் இருந்தாள். அவள் வருவதற்குள் அவரே கையை உயர்த்தி முகமூடியைப் பிடித்தார். விரல் நுனிகளில் தோல் இல்லை. மணிக்கட்டில் கடற்பாசி சுற்றியிருந்தது. முகமூடி தாடையைத் தாண்டியது. உதட்டைத் தாண்டியது. மேலுதடு இருக்க வேண்டிய இடத்தில் பல் மட்டும் இருந்தது.

ஒரு தரம் பார்த்தால் போதும் என்று எத்தனை மாதமாகச் சொல்லி வந்தாள். இதோ, காட்ட வந்திருக்கிறார். கேட்டது அவள்தான். அவள் கேட்டதற்காகத்தான் அவர் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

லோர்னா எழுந்து நின்றாள்.

“வேணாம் டெஸ்,” என்றாள், சமையலறையிலிருந்து கூப்பிடுகிற குரலில். “கழட்ட வேணாம். நீங்கதான்னு எனக்குத் தெரியும். அது போதும்.”

முன்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். “உட்காருங்க ஆன்ட்டி, மறைக்குது,” என்றான் ஒருவன். ஜஸ்பிந்தர் அவள் முழங்கையைப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. திரையைப் பார்த்த ஜஸ்பிந்தரின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

தூணோரத்து ஆந்தை அசையாமல் நின்றது. கை மெதுவாக இறங்கியது. முகமூடி மறுபடி தாடை வரை வந்து மூடிக்கொண்டது. இன்ஸ்பெக்டர் பக்கத்து ஆளின் முகமூடியைக் கழற்றிக்கொண்டிருக்க, அவள் முதுகுக்குப் பின்னால் அவர் வரிசையை விட்டு விலகினார். ஒரு காலைச் சற்று இழுத்துக்கொண்டு, பளிங்குத் தரையில் ஈரத்தடம் பதிய நடந்து, வங்கியின் கண்ணாடிக் கதவைத் தள்ளினார். கதவுக்கு அந்தப் பக்கம் தெரு இல்லை, வெறும் வெளிச்சம் இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே வெளியே போய்விட்டார்.