குழாய் இல்லாத அடுப்பு

படம் எடுத்து முடிந்தது. விளக்குகளை அணைத்துவிட்டுத் திரும்பிய தங்கை, அக்கா இன்னும் அடுப்பின் முன்னால் நிற்பதைப் பார்த்தாள். தோளில் பை, காலில் செருப்பு. கை மட்டும் அடுப்புத் திருகின் மேல்.

மனிதர்களின் அச்சங்களை வரிசையாகப் படமெடுத்துக்கொண்டிருந்தாள் தங்கை. லிஃப்டுக்குப் பயந்தவர், கைகழுவி ஓயாதவர் எல்லோராகவும் நடிக்க ஆள் பிடித்தாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவளைத் தேட வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே இருந்தாள். "வெளியிலேர்ந்து உன்னையே பாத்தா உனக்கே சிரிப்பு வந்துடும்க்கா. அதோட இந்தப் பயம் விட்டுடும்." அக்கா அதை நம்பித்தான் வந்தாள்.

அட்டைச் சுவர் வைத்துக் கட்டிய சமையலறை. பழைய சாமான் கடையில் வாங்கிய அடுப்பு. சிலிண்டர் இல்லை, குழாயும் இல்லை.

"பொம்மை அடுப்புக்கா. காத்துகூட வராது."

"தெரியும்டீ. நான் என்ன லூசா?"

"அப்போ கிளம்பு. பாப்பா ஸ்கூல் வாசல்ல நிப்பா."

"இது திரும்பலையே."

அப்போதுதான் தங்கைக்கு உறைத்தது. எரிகிறதா அணைந்ததா என்று தெரியாதபடி திருகு பாதிச் சாய்வில் நிற்கட்டும் என்று காலையில் பசை வைத்து ஒட்டியிருந்தாள். அந்தச் சாய்வுதான் படத்தின் உயிர் என்று பெருமை வேறு. வீட்டில் திருகு கடைசியில் போய் முட்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால்தான் அக்காவின் கால் வாசலைத் தாண்டும்.

அக்கா மறுபடி திருகினாள். விரல் நுனிகள் வெளுத்தன. பைக்குள் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை.

"ஒரே ஒரு தடவ டக்குன்னு கேட்டா போதும்டீ. போயிடுவேன்." சிரிக்கப் பார்த்தாள். உதடு மட்டும் விரிந்தது.

தங்கை இடுக்கியை எடுத்தாள். திருகைப் பிடுங்கி அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தா, வச்சுக்கோ. இனிமே யாராலயும் திறக்க முடியாது."

அக்கா அதை முகர்ந்து பார்த்தாள். பையில் போட்டாள். படியிறங்கிப் போனாள். பாதி வழியில் திரும்பி வரவில்லை.

தங்கை கதவைப் பூட்டிக்கொண்டு வெயிலில் நடந்தாள். தெருமுனையில் அவள் கால் நின்றது. மூக்கில் மெல்லிய கேஸ் வாசனை. யார் வீட்டிலோ இருக்கும். இரண்டடி வைத்தாள். திரும்பினாள்.

அட்டைச் சமையலறை இருட்டாக இருந்தது. திருகு இருந்த இடத்தில் ஓர் இரும்புத் தண்டு துருத்திக்கொண்டிருந்தது. அதை மூட விரல்களால் பற்றினாள். வழுக்கியது. மூடுவதற்கான திருகு அக்காவின் பைக்குள், பள்ளிக்கூடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.