நாற்பத்தோரு நாள் நண்டு ரசம்

பாடாலூர் வைத்தியர் அறிவரசன் போட்ட கட்டளைகள் மூன்று. வயல் நண்டில் ஆணை மட்டும் ரசம் வைத்து ஒரு மண்டலம் குடிக்க வேண்டும். அந்த நாற்பத்தெட்டு நாளும் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாகப் படுக்க வேண்டும். பிள்ளை பெறாதவள் கை மருந்தில் படக் கூடாது. பிள்ளை வேண்டுமென்று வந்தவனிடம், பிள்ளை உண்டாகிற வழியையே அடைத்துவிட்டு நண்டு விற்கிற சாமர்த்தியத்தை எண்ணி அனுசுயா முதல் நாளே சிரித்துவிட்டாள். அவள் புருஷன் மணிவண்ணன் சிரிக்கவில்லை. பயபக்தியோடு குடித்தான்.

அவனுக்கு அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மணிக்கொரு தரம் ஒரு கரண்டி சிமென்ட் அள்ளிச் சோதிப்பான். சரியில்லையென்றால் மூட்டை போடுவதையே நிறுத்திவிடுவான். ஊர் உலகத்துக்கெல்லாம் சாம்பிள் பார்க்கிறவன், தன்னுடையதில் ஒன்று கொடுக்க நாலு வருஷமாக மறுத்துவந்தான். அனுசுயாவிடம் குறை இல்லை என்று திருச்சி டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். அடுத்தது அவன் முறை. மண்டலம் முடிந்த மறுநாள் திருச்சிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அதற்குள் வெள்ளிக்கிழமை அவன் தங்கை கவிதாவுக்கு வளைகாப்பு. "நீ வர வேணாம்மா, நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க" என்று மாமியார் ராசாத்தி அதை ஏதோ சலுகை கொடுப்பதுபோலச் சொல்லிவிட்டாள்.

நாற்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. முந்தின முறை நண்டு ஆய்ந்தபோது ஒன்று ராசாத்தியின் விரலைக் கவ்வி ரணமாக்கியிருந்தது. வைத்தியருக்குப் போன் போட்டாள். மஞ்சள் தண்ணீரில் கை கழுவினால் மருமகளும் ஆயலாம் என்று பதில் வந்தது. இவ்வளவு சுலபமாகக் கழுவக்கூடிய தோஷம்.

அனுசுயா கொல்லையில் உட்கார்ந்து முதல் நண்டைத் திருப்பினாள். அடுத்ததைத் திருப்பினாள். எட்டையும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க. அத்தை, நீங்களும்."

மணிவண்ணன் பல் விளக்கிக்கொண்டே வந்தான்.

"இதுல ஆம்பளை எது?"

"எல்லாமேதான். வைத்தியர் திருப்பிக் காட்டித்தான் குடுப்பாரு. வயித்துல மடிச்ச மடல் இருக்குல்ல? அகலமா இருந்தா ஆம்பளை, ஒல்லியா இருந்தா பொட்டை."

"அப்படீங்களா?" அவள் ஒரு பெரிய நண்டின் அகல மடலைக் கத்தி முனையால் நெம்பினாள். உள்ளே கடுகு கடுகாக ஏதோ நெளிந்தது. எல்லாம் குட்டிகள். நூறு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் காலும் கொடுக்கும் இருந்தன.

"இந்த ஆம்பளைக்குப் பிரசவம் ஆயிருக்கு. பாத்துக்கங்க."

மணிவண்ணன் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தான்.

பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அனுசுயா விலங்கியல் எடுக்கிறாள். ஒன்று எப்படி வேலை செய்கிறதென்று தெரிந்துவிட்டால், கேட்பவன் யாராக இருந்தாலும் சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. முட்டையையும் குட்டியையும் சுமக்க இடம் வேண்டும், அதனால்தான் பெண்ணுக்கு அகல மடல் என்றாள். அகலமாக எதைப் பார்த்தாலும் அது ஆம்பளையுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த வைத்தியன் மூளைக்குப் பட்டிருக்கிறது என்பதை மனதோடு வைத்துக்கொண்டாள்.

கொசுறாக விழுந்திருந்த எட்டாவது நண்டு சின்னது. அதன் மடல் ஒல்லி முக்கோணம். அதை நிமிர்த்தினாள். அடியில் இரண்டு ஜோடிக் குச்சிகள் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தன.

"இதான் ஆம்பளை. முன்ஜோடி இருக்கே, இது சதை இல்லீங்க, ஓடு. ஓலையைச் சுருட்டி பீப்பி பண்ற மாதிரி ஓடே சுருண்டு குழாயாயிருக்கு. பின்ஜோடி அதுக்குள்ள போயி தள்ளிவிடும். ஊசி போடறப்ப பின்னால அமுக்குறாங்கல்ல, அதே வேலைதான்."

"சரக்கு எங்கேருந்துடி வருது?" என்றாள் ராசாத்தி, குனிந்து.

"கடைசிக் கால் மொளைக்குற எடத்துல மெல்லிசா ஒரு சதைக்குழாய் இருக்கு அத்தை. அது வந்து முன்குழாயோட அடியில ஊத்தும்."

முதுகோட்டைத் திறந்தாள். மஞ்சளாக ஒரு குழம்பு தெரிந்தது.

"வைத்தியர் சொன்ன தாது இதானே?"

"ஆமா" என்றான் மணிவண்ணன். "அதான் சத்து."

"இது தின்னதைச் செரிக்கிற சுரப்பி. பொட்டைக்கும் இருக்கு. இதோ, வெள்ளை நூல் சுருண்டு கெடக்கு பாருங்க, இதான் விந்துக் குழாய். சின்னச் சின்னப் பொட்டலமாக் கட்டி உள்ள தயாரா வெச்சிருக்கும். இம்மாத்துண்டு உசுரு. ரெண்டு குழாய், ரெண்டு தள்ளுகுச்சி, பொட்டலம் வேற. நீங்க இத்தனை நாளாக் குடிச்சது பூரா பொட்டை நண்டு ரசம்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அப்படியொரு திருப்தி. ராசாத்தியின் முகம் மலர்ந்ததைப் பார்க்கும்வரைதான் அது இருந்தது.

"அதான் ஒண்ணும் நடக்கல!" என்றாள் ராசாத்தி. "மருந்தே மாறிப்போச்சுடா மணி. தப்பு உம்மேல இல்ல. மறுபடி மொதல்லேருந்து ஒரு மண்டலம் இருந்துரு. இந்தத் தடவ இவளே பாத்துப் பொறுக்கிக் குடுக்கட்டும், படிச்சவ."

"ஆமாம்மா" என்றான் மணிவண்ணன். அவன் முகத்தில் பரீட்சை தள்ளிப்போன பையனின் நிம்மதி. "அனு, திருச்சிய ரெண்டு மாசம் தள்ளி வெச்சுக்கலாம். இனிமேதான மருந்தே ஆரம்பிக்குது."

வைத்தியனை அம்பலமாக்கப் போய், இந்த மனுஷனுக்கு இன்னும் நாற்பத்தெட்டு நாள் ஒளிந்துகொள்ள இடம் கட்டிக் கொடுத்துவிட்டோம் என்று அனுசுயாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்களுக்கு விளக்கம் சொன்னது தன் புத்திக் கோளாறு. கத்தியைக் கீழே வைத்தாள்.

"நண்டு பொறுக்க வேற ஆள் பாருங்க. டவுன்ல லேப் இருக்கு. நாளைக்குக் காலைல வந்து சாம்பிள் குடுங்க, சாயங்காலம் ரிசல்ட். வரலைன்னா வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு நான் வருவேன். என் ரிப்போர்ட்டோட. ஒவ்வொரு பொம்பளைக்கும் படிச்சுக் காட்டுவேன். அவரோடது எங்கன்னு கேட்டா, அவரு நண்டு ரசம் குடிக்கிறாருன்னு சொல்லுவேன்."

"ஐயையோ, மானமே போயிரும்டி!" என்றாள் ராசாத்தி.

"யாரோடது அத்தை? என்னோடதுதான் எப்பவோ போயிருச்சே."

ராசாத்தி ரணமான விரலைப் பிடித்தபடி மகனைப் பார்த்தாள். அவன் கொல்லைச் சுவரைப் பார்த்தான். பேஸ்ட் நுரை மோவாயில் காய்ந்திருந்தது. சுவரில் பதில் கிடைக்காது என்று தெரிய அவனுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

"எத்தனை மணிக்குத் தொறப்பாங்க?" என்றான்.

"ஏழரை."

"வலிக்குமா?"

நாலு வருஷமாக இவள் உடம்பில் எத்தனை ஊசி, எத்தனை குழாய். ஒரு தடவை அவன் இப்படிக் கேட்டதில்லை.

"ஊசி கூட கெடையாது. தனி ரூம், கதவுக்குத் தாப்பா இருக்கு. பயப்படாம வாங்க."

அவன் தலையாட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "சரியில்லன்னு வந்துட்டா, அனு?"

அவள் கை கழுவ எழுந்தாள்.

"வந்தா என்னங்க? உங்களையும் வளைகாப்புக்கு வர வேணாம்னு சொல்லுவாங்களா அத்தை?"