கெங்கம்மாவின் கொம்பு

சரி என்று சொல்லிவிடு. எழுத்துதானே போகிறது, உயிரா போகிறது? சொல், மதி.

மதிவதனி தனக்குள் சொல்லிக்கொண்டாள். மேசைமேல் அவளுடைய முதல் புத்தகத்தின் அட்டை கிடந்தது. அச்சுக்குப் போகுமுன் கடைசியாகப் பார்க்கும் பிரதி. கதைத் தொகுப்பின் பெயருக்குக் கீழே அவள் பெயர்: கெங்கம்மா மதிவதனி. கெங்கம்மா அவளுடைய அம்மா. அந்தச் சொல்லைச் சிவப்பு மையில் அடித்து, மேலே ‘கங்கையம்மாள்’ என்று எழுதியிருந்தது.

“இன்னும் என்னம்மா யோசனை?” என்றார் சண்முகசுந்தரம். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அம்பத்தூரின் அந்தச் சின்னப் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர். அவர் சரி சொல்லாமல் எதுவும் அச்சுக்குப் போகாது.

“அம்மா பேரு அதுதாங்கய்யா,” என்றாள். தொண்டையிலிருந்து பாதிதான் வந்தது.

“கூப்பிடற பேரு அது. அம்மான்னா விளி, அம்மாள்னாதான் பெயர். கெங்கைன்னு ஒரு சொல் தமிழ்ல கிடையாது. கங்கை. புணர்ச்சி விதியைச் சுத்தமாப் பார்த்தா கங்கையம்மாண்மதிவதனின்னே வரணும். அதை நான் விட்டுக்கொடுத்துட்டேன்.” தானே சொல்லிச் சிரித்தார்.

அவளும் சிரித்தாள். சிரித்ததற்காகத் தன்மீதே அவளுக்கு எரிச்சல் வந்தது.

கெட்டவராக இருந்தால் எளிதாக இருக்கும். இவர் அவள் கதைகளை இரண்டு முறை படித்தவர். ஒற்றுப் பிழைகளைப் பொறுமையாகக் களைந்தவர். அவளுக்கும் விதிகள் மேல் மதிப்பு உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் அவள் பார்க்கும் வேலையே, அளவு பிசகிய பாகங்களைத் தள்ளிவைப்பதுதான்.

“உங்க ஜனங்க பேசற பேச்சை நான் தொட்டேனா? ஊடு, கீது எல்லாம் அப்படியே இருக்கு. அது பாத்திரம் பேசறது. அட்டையில இருக்கிறது ஆசிரியர் பேரு. அதுலயே பிழை இருந்தா உள்ள யாரு படிப்பா? என் பேரு முன்னால ஷ-ல ஆரம்பிச்சது, எங்கப்பா வெச்சது. அதை நானே எடுத்து ச போட்டுட்டேன். ஒரு மாசம் என்கூடப் பேசல அவரு. எடுக்கலையா நான்?”

‘உங்க ஜனங்க’ என்ற சொல் அவள் காதில் தங்கியது. பள்ளியில் ‘ஊட்டுல’ என்று கட்டுரையில் எழுதியதற்காகக் கரும்பலகையின் முன் நிறுத்தப்பட்டவள் அவள். அன்றிலிருந்து, திருத்துகிற கை எதுவானாலும் அதன் முன்னால் தலை தானாக ஆடிவிடும்.

“சாயங்காலம் அட்டை அச்சுக்குப் போகணும். இல்லைன்னா புத்தகக் காட்சிக்கு வராது. அப்புறம் அடுத்த வருஷம்தான். அதுவும் முதலாளி மனசு எப்படி இருக்குமோ.”

“அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேங்கய்யா.”

மாடிப்படியில் நின்று வேப்பம்பட்டில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா சரி என்று சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னால் பழி தன்மேல் இல்லை.

“இன்னாடி, பொஸ்தகம் வந்துடுச்சா?”

“இன்னும் இல்லம்மா. உம் பேரக் கொஞ்சம் மாத்தணும்னு சொல்றாங்க. கங்கையம்மாள்னு.”

“அது யாருடி?”

“நீதாம்மா.”

“நானா? கங்கை காசியில கீது. நம்ம தெருக் கோயில்ல கீறது கெங்கை. ஆடி மாசம் யாருக்குக் கூழு ஊத்துறோம்னு கேளு அந்த ஆள!” சத்தமாகச் சிரித்தாள். பிறகு, “சரி, கொம்பு இருக்குமில்ல?”

“இருக்காதும்மா. கெ போயி க ஆயிடும்.”

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகளிர் குழுவில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தபோது, பெயரின் முன்னால் நிற்கும் அந்த ஒற்றைக்கொம்பைத்தான் முதலில் பிடித்துக்கொண்டாள். எந்தத் தாளிலும் அதைத் தேடி விரல் வைத்தால் அது அவள். “எனக்குக் கொம்பு மொளச்சிருக்குடி” என்று குழுவையே சிரிக்க வைத்தவள்.

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

“போனாப் போவுது,” என்றாள் அம்மா. “படிச்சவரு சொல்றாரு. நமக்கு இன்னா தெரியும்? எதிர்த்துப் பேசாத கண்ணு. பொஸ்தகம் வரணும்.”

கேட்க நினைத்த பதில் வந்துவிட்டது. ஆனால் அந்தக் குரல். பேங்க் கவுண்டருக்குப் பின்னாலிருந்து யாராவது ‘பேரு என்ன’ என்று கேட்டால் அம்மாவிடம் வரும் குரல். கடைசி எழுத்தை விழுங்கிவிடும் குரல். சற்றுமுன் அந்த அறையில் தன் தொண்டையிலிருந்து பாதியாக வந்ததும் அதுதான் என்று மதிவதனிக்குத் தெரிந்தது. படியில் உட்கார்ந்துவிட்டாள். புத்தகம் வராமல் போவதை நினைத்து இதுவரை பயந்தாள். இது வேறு பயம். புத்தகம் வரும், அம்மா அட்டையில் கொம்பைத் தேடி விரலை ஓட்டுவாள், விரல் எங்கும் நிற்காது. நிற்கவில்லை என்று சொல்லவும் மாட்டாள். நல்லா கீதுடி என்பாள்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது சண்முகசுந்தரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்னாங்க அம்மா?”

“மாத்திக்கச் சொன்னாங்க.”

“பார்த்தியா! பெரியவங்களுக்குப் புரியுது.” அட்டையை அவள் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார். “திருத்தத்துக்குப் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டுடு.”

பேனாவின் முனை அவளைப் பார்த்து நின்றது. உனக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டதுபோலவே காது சுட்டது.

“ஷ-வ நீங்களாத்தானேங்கய்யா எடுத்தீங்க?” என்றாள், பார்வையைத் தூக்காமல்.

“ஆமா. அதுக்கு?”

பேனா இன்னும் நீட்டியபடியே இருந்தது. அவள் கைகளை மடியிலிருந்து எடுக்கவில்லை.

“மாத்த வேணாங்கய்யா,” என்றாள். கடைசி எழுத்துவரை கேட்டது.