பின்பாக்கெட் வட்டம்

புகையிலை விளைத்தே வயிறு கழுவும் எங்கள் கென்டக்கி ஊருக்கு, பையன்களைப் புகையிலையிலிருந்து மீட்க ஒரு புண்ணியவான் வந்து சேர்ந்தார். பெயர் ப்ரூயிட், ஊர் மாட்டுக் கண்காட்சிக்குப் புதுப் பொறுப்பாளர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. சாணி வாடை பட்டாலே முகம் கோணிக்கொள்ளும். புகையிலையை விட்ட பையன்தான் கண்காட்சியில் கன்று காட்டலாம் என்று சட்டம் போட்டார். அதுவரை சரிதான். விட்டானா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருந்தாரே, அங்கேதான் அவருடைய சாயம் வெளுத்தது.

எங்கள் பையன்கள் உதட்டுக்குள் அடக்கும் புகையிலை, வட்டமான டப்பாவில் வரும். அதை ஜீன்ஸ் பின்பாக்கெட்டிலேயே வைத்துத் திரிந்தால், நாளடைவில் துணி வெளுத்து வட்டமாகத் தடம் விழும். ப்ரூயிட் பையன்களை வரிசையில் நிறுத்தி, திரும்பச் சொல்லி, பின்புறத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொன்னார். படித்த லட்சணம்!

என் இளையவன் எமெட் வசந்தகாலத்திலேயே விட்டுவிட்டான். வாய் நமநமத்தால் சூரியகாந்தி விதையைக் கொறிப்பான். துவைக்கப் போட்ட பாக்கெட்டெல்லாம் விதைத்தோல்தான். பிஸ்கட் என்று பெயர் வைத்து ஒரு கன்றைப் பிள்ளை மாதிரி வளர்த்தான். கண்காட்சிக்கு அவன் போட்டுப் போனது அண்ணனின் பழைய ஜீன்ஸ்.

"வட்டம் இருக்கு. வெளிய போ," என்றார் ப்ரூயிட்.

"சார், இது எங்க அண்ணன் போட்டது சார். நான் எப்பவோ விட்டுட்டேன்."

"எல்லாப் பயலும் இதத்தான் சொல்றான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஐயா, புகையிலைய வாயிலதான வைக்கிறான்? உதட்டத் தூக்கிப் பாருங்க. பின்னாடி என்னத்தப் பாக்குறீங்க?"

"எல்லாருக்கும் ஒரே விதிதாம்மா."

அடுத்து நின்றவன் மேசன், பெரிய பண்ணைக்காரர் மகன். புத்தம்புது ஜீன்ஸ்; புகையிலை டப்பா பூட்ஸுக்குள் ஒளிந்திருந்தது. ப்ரூயிட் அவன் கையைக் குலுக்கிப் படமும் எடுத்துக்கொண்டார். போகிறபோக்கில் மேசன், "புது பேன்ட் வாங்கினா முடிஞ்சிது, மடையா," என்று எமெட் காதில் ஓதிவிட்டுப் போனான். பிஸ்கட்டை வண்டியில் ஏற்றும்போது எமெட் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அடுத்த வாரம் துணி துவைக்க அதே ஜீன்ஸை எடுத்தேன். விதைத்தோலை உதறப் பாக்கெட்டுக்குள் கைவிட்டேன். தோல் இல்லை. டப்பா இருந்தது. அண்ணன் விட்டுப்போன வட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"எமெட், என்னடா இது?"

புகையிலையை உதட்டுக்குள் அடக்கியபடியேதான் பேசினான். "விட்டாலும் நான் விட்டவன் இல்லியாம். அப்புறம் எதுக்கும்மா மாடு மாதிரி விதையக் கொறிச்சுக்கிட்டுக் கெடக்கணும்?"