மேல் சுவிட்சின் சம்மதம்

மின்சாரத்தைப் பற்றி மனிதனுக்குத் தெரியாதது இனி எதுவும் மிச்சமில்லை என்றும், அந்த மனிதன் தற்சமயம் விடுமுறைக்கு மாத்தளைக்கு வந்திருக்கிறான் என்றும் நுஹ்மான் காலை இடியப்பத்தின் முன்னிலையில் அறிவித்தான். சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. பேராதனையில் பௌதிகம் முதலாம் வருடம் முடித்தவன். சிரிக்க அவனுக்குக் காரணமும் இருக்கவில்லை.

கேட்டுக்கொண்டிருந்தது அவனுடைய ராத்தா, அதாவது அக்கா, றாபியா மட்டும்தான். "அப்ப படிக்கட்டுச் சுவிட்ச நீயே மாத்திடுவியா? இல்லாட்டி மச்சான் வந்த பொறகு செய்யச் சொல்லவா?"

மச்சான் என்பது றாபியாவின் கணவர் லாபிர். கலேவெலவிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறிக்காரர். உலகத்தில் எது பழுதானாலும் அவரிடம் ஒரே வைத்தியம்தான்: "போட்டுப் பாப்போம்." லொறி கிளம்பாவிட்டால் பிஸ்மில்லாஹ் சொல்லி ஒவ்வொரு வயராகக் கழற்றி மாட்டுவார். எப்படியோ கடைசியில் லொறி ஓடும். நுஹ்மானால் தாங்க முடியாதது அதுதான். ஏன் ஓடுகிறது என்று தெரியாமல் ஓடுகிற லொறியில் ஏறுவதைவிட மைல் கணக்கில் தள்ளியிருக்கும் நாலந்தா வரைக்கும் நடந்தே போகலாம் என்பது அவன் கட்சி.

"மச்சான்ட முறை கோழிட முறை, ராத்தா. கோழியும் ஒவ்வொரு இடமாக் கெளறிப் பாக்கும். ஒரு இடத்துல புழு கெடைக்கும். அதுக்காகக் கோழிய விஞ்ஞானின்னு சொல்றதா? தெரிஞ்சவன் போட்டுப் பாக்க மாட்டான். யோசிப்பான்."

"கோழி பட்டினியாப் படுக்கிறதில்லையே," என்றாள் றாபியா.

அவளுக்கு அன்றைக்கு விளையாட்டுக்கு நேரமில்லை. கீழே வாப்பாவின் மிளகுக் கடை, மேலே வீடு. மேல் முன்னறையில் அன்று பின்னேரம் அவளுடைய தையல் வகுப்பு தொடங்குகிறது. அதற்காக ஒரு வருஷமாக வீடு வீடாகப் போய்ப் பெண்பிள்ளைகளின் உம்மாமாரிடம் சம்மதத்தை வாங்கியவள் அவள். கல்யாண வளையல்களை இரண்டாவது தையல் மெஷினாக மாற்றியவள். வரப்போகிற பிள்ளைகளில் பாதிப்பேர் அப்துல் ஸமத் ஹாஜியார் வீட்டுப் பெண்கள். அவர் தன் பிள்ளைகளை நிறுத்தினால் மற்ற வாப்பாமாரும் நிறுத்திவிடுவார்கள்.

ஹாஜியார் மிளகு வாங்கப் போனால், சாக்குக்குச் சாக்கு ஒரு மணியைக் கடித்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறவர். போன கிழமை அவர் வந்து படிக்கட்டைக் கடித்துப் பார்த்தார். படிக்கட்டு விளக்குக்கு இரண்டு சுவிட்சு: படியின் கீழே ஒன்று, மேலே ஒன்று. எதைத் தட்டினாலும் விளக்கு எரியவும் அணையவும் வேண்டும். கீழ்ச் சுவிட்சு ஒழுங்காக வேலை செய்தது. மேல் சுவிட்சு வெடித்துப்போய், தொட்டதும் பொறி கக்கியது.

"புள்ளைகள் பொழுதுபட்டு மஃரிபுக்குத்தானே எறங்கும்," என்றார் ஹாஜியார். "மேல போட்டுட்டு எறங்கணும், கீழ வந்து அணைக்கணும். மண்ணெண்ணக் குப்பி லாம்போட இந்தப் படியில எறங்க விடமாட்டேன். மொத நாளே வந்து ரெண்டையும் தட்டிப் பாப்பேன். சரியில்லாட்டி அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்."

ஆகவே நுஹ்மான் காலையிலேயே மெயினை அணைத்துப் பழைய சுவிட்சைக் கழற்றினான். உள்ளே மூன்று வயர்கள். இரண்டு ஒரு பக்கத்தில் ஜோடியாக இருந்தன, ஒன்று மட்டும் மறுபக்கத்தில் தனித் திருகில். ஒரு காலத்தில் அவற்றுக்கு வேறு வேறு நிறங்கள் இருந்திருக்கலாம். இப்போது மூன்றும் மிளகுத் தூசியின் நிறம்.

"எது எங்க இருந்ததுன்னு பாத்துக்கிட்டியா?" என்றாள் றாபியா.

"எல்லாம் மண்டையில இருக்கு."

புதிய சுவிட்சைப் பூட்டினான். மெயினைப் போட்டுவிட்டு வந்து மேலே தட்டினான், எரிந்தது. இன்னொரு தரம் தட்டினான், அணைந்தது. அதோடு விட்டான். ஒரு தரம் சோதிப்பது விஞ்ஞானம், அதற்கு மேல் சோதிப்பது அவநம்பிக்கை.

பின்னேரம் பிள்ளைகள் வந்து, மேலே மெஷின் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் அவன் தற்செயலாகக் கீழ்ச் சுவிட்சைத் தட்டினான். விளக்கு எரியவில்லை. மறுபடி தட்டினான். இல்லை.

"ராத்தா! மேல ஒருக்காத் தட்டுங்க!"

எரிந்தது. கீழே அணைத்தான், அணைந்தது. "இப்ப மேல போடுங்க!" இருட்டு. "இன்னொருக்கா!" இருட்டு. கொஞ்ச நேரத்தில் உண்மை தெளிவாயிற்று. மேல் சுவிட்சு சம்மதித்தால்தான் கீழ்ச் சுவிட்சு பேசும். கீழ்ச் சுவிட்சு கோபித்துக்கொண்டால் மேல் சுவிட்சு ஊமை.

மேலே போய்ப் பார்க்கவும் வழியில்லை. சுவிட்சு இருந்த இடம் இப்போது பிள்ளைகளின் பக்கம். குமர்ப் பெண்கள் இருக்கும் மாடியில் ஒரு இளந்தாரி ஏறி நிற்க முடியுமா? நுஹ்மான் கடைப்படியில் உட்கார்ந்து, சீனி சுற்றும் தாளில் படம் வரைந்தான். படத்தில் மேல் சுவிட்சு குற்றமற்றதாக இருந்தது. அதைப் பூட்டியவன் யாரென்று படத்துக்குத் தெரியும். முதலில் பல்பைச் சந்தேகித்தான். பிறகு கீழ்ச் சுவிட்சைக் கழற்றிப் பார்த்தான். அது வெட்கப்படும் அளவுக்குச் சுத்தமாக இருந்தது. மழை குறைந்து நீர்மின்சாரம் மெலிந்திருக்கலாம் என்ற கொள்கையையும் சிறிது நேரம் வைத்திருந்தான்.

மேலேயிருந்து ஹாஜியாரின் மூத்த மகள் ஜெஸீமாவின் குரல் அவனை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டது. "நானா, மேல் சுவிட்ச யாரும் தொடாம வச்சா எரியுதுதானே?"

"ஒங்க வாப்பா தொடாம இருப்பாரா?" என்றாள் றாபியா.

தொடாமல் இருக்க மாட்டார். மகளுக்குத் தெரியும்.

றாபியா படியின் பாதிவரை இறங்கி வந்தாள். வாயில் இரண்டு குண்டூசி. அவற்றை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "நுஹ்மான், நான் வகுப்ப நிப்பாட்ட மாட்டேன். விளங்குதா? பெட்ஷீட்ட எடுத்து அறை வாசல்ல கட்டுறேன். நீ கனைச்சிட்டு ஏறி வந்து வேலையப் பாரு. யோசிக்கிறத எறங்கிப் போய் யோசி."

பெட்ஷீட் கட்டப்பட்டது. கடையில் சாக்குத் தைக்கும் மாடசாமி மெயின் பக்கத்தில் நிறுத்தப்பட்டார். "அணைச்சாச்சுங்க, சின்ன மொதலாளி! மொளகு நிறுக்க வந்தவரு இருட்டுல நிக்கிறாருங்க, கெதியாப் பாருங்க!"

நுஹ்மான் கனைத்துக்கொண்டு ஏறினான்.

"நானாவுக்குத் தடிமன் புடிச்சிருக்கு போல," என்றது திரைக்குப் பின்னால் ஒரு குரல். சிரிப்பை அடக்க முயன்ற பல மூக்குகளின் சத்தம் கேட்டது. இரண்டு மெஷின்களும் அரை இருட்டிலேயே ஓடின. காலால் மிதிக்கும் மெஷினுக்கு மெயின் ஒரு பொருட்டல்ல.

சுவிட்சைத் திறந்தான். மூன்று வயர்களும் மூன்று சகோதரர்கள் போல அவனைப் பார்த்தன. தனித் திருகில் இருக்கவேண்டிய வயர் தவறான இடத்தில் இருக்கிறது என்பது அவனுக்கு இப்போது விளங்கிவிட்டது. ஆனால் அது எது? மண்டைக்குள் தேடினான். அங்கே நியூட்டன் இருந்தார், ஓம் இருந்தார், காலையில் தின்ற சம்பல் இருந்தது. வயர் மட்டும் இல்லை.

ஆகவே ஒன்றை எடுத்தான். தனித் திருகில் வைத்து முறுக்கினான். இறங்கினான். மெயின். தட்டினான். "ராத்தா, மேல தட்டுங்க!"

குற்றம் அப்படியே இருந்தது. திசை மட்டும் மாறியிருந்தது. முன்பு எரிந்த பக்கத்தில் இப்போது இருட்டு.

"நானா, யோசிச்சு முடிஞ்சதா?" என்றாள் ஜெஸீமா.

நுஹ்மான் சட்டைக் கையை மடித்தான். "மாடசாமி அண்ணே, அணைங்க!" மறுபடி கனைப்பு, மறுபடி ஏற்றம். அப்போதுதான் கீழே கடை வாசலில் குடையை மடக்கும் சத்தமும், அதன் பின்னால் ஹாஜியாரின் குரலும் கேட்டன.

"றாபியா! எங்க புள்ள வெளிச்சம்?"

"கொஞ்சம் நில்லுங்க, ஹாஜியார். வருது," என்றாள் றாபியா. குரல் அசையவில்லை. ஆனால் பெட்ஷீட்டின் ஓரத்தை அவள் விரல்கள் மடித்து மடித்து விரிப்பதை நுஹ்மான் கண்டான். வளையல் இல்லாத கை.

"இருட்டுல நிக்கச் சொல்றியா? இதத்தானே நான் சொன்னேன். ஜெஸீமா! எல்லாரையும் கூட்டிட்டு எறங்கு!"

மெஷின்கள் நின்றன. துணி மடிக்கும் சலசலப்பு கேட்டது.

"யாரும் எழும்பக் கூடாது," என்றாள் றாபியா. "தையல் முடியல்ல."

இரண்டு வயர்கள் பிழையாகிவிட்டதால் மூன்றாவதுதான் சரி என்பதும் ஒரு தர்க்கம்தான். வேறொரு நாளாக இருந்தால் நுஹ்மான் அதற்கு ஒரு பெயர் வைத்துப் பெருமைப்பட்டிருப்பான். இப்போது வியர்வை கண்ணுக்குள் இறங்க, மூன்றாவது வயரைத் தடவிப் பிடித்து, உதட்டுக்குள் பிஸ்மில்லாஹ் சொல்லி, தனித் திருகில் செருகி முறுக்கினான்.

"மாடசாமி அண்ணே, மெயின்! ஹாஜியார், போட்டுப் பாருங்க!"

கீழே டக் என்றது. படிக்கட்டு முழுவதும் மஞ்சளாயிற்று. ஹாஜியார் பல்பை அல்ல, படிகளைப் பார்த்தார், ஒவ்வொரு படியாக.

"ஜெஸீமா, மேல தட்டு."

அணைந்தது. கீழே தட்டினார், எரிந்தது. மேலே, அணைந்தது. மேலே மறுபடி, எரிந்தது. மிளகை மென்று முடித்தவர் போல ஹாஜியார் ஒரு தரம் நாக்கைச் சப்பினார்.

"ம். தையல முடிச்சிட்டே எறங்கட்டும். நான் கடையில இருக்கிறேன்."

திரைக்குள் மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின. றாபியா பெட்ஷீட்டை விட்டுவிட்டு உள்ளே போனாள். போகும்போது தம்பியின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்; அது பாராட்டா அடியா என்று சொல்ல முடியாத அளவு பலமாக இருந்தது.

"நானா, கடைசியில எந்தச் சூத்திரம்?" என்று ஜெஸீமா கேட்டாள்.

சுவிட்சின் மூடியைப் பூட்டவேண்டியிருந்தது. ஏறி இறங்கியதில் அதன் திருகாணி எங்கோ விழுந்துவிட்டது. நுஹ்மான், மச்சான் கழன்ற ஆணிகளைப் போட்டு வைக்கும் பழைய தகர டப்பாவை மடியில் கவிழ்த்தான். ஓர் ஆணியை எடுத்து ஓட்டைக்குள் வைத்து முறுக்கினான்; சேரவில்லை. அடுத்ததை எடுத்தான். அதுவும் சேரவில்லை. அதற்கடுத்ததை எடுத்தான்.