ஓரத்தில் ஓடிய எண்

தையல்காரி தன் வீடியோ பாடங்களில் முகத்தைக் காட்டியதே இல்லை. இரண்டு கை, ஒரு கத்தரிக்கோல், ஜன்னலோர மேசை, அவ்வளவுதான். அடித்து நொறுக்கிய புருஷனிடமிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு ஊர் மாறி வந்தவள் வேறென்ன செய்வாள்? குரலைக்கூட மாற்றித்தான் போட்டாள். அவன் சூடு வைத்த கட்டைவிரல் தழும்பை மறைக்க மட்டும், பாவி, தோன்றவில்லை.

பணம் கட்டியவர்கள் மட்டுமே பார்க்கலாம், இறக்கிக்கொள்ள முடியாது. பூட்டுப் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர்காரத் தம்பி சாயங்காலம் போனில் கூப்பிட்டான்.

"அக்கா, உங்க பாடம் அத்தனையும் வேற ஒரு சேனல்ல சும்மா கிடைக்குது. திரையை இன்னொரு போன்ல படம் பிடிச்சிருக்கான்."

"ஐயோ! என் பொழப்புல மண்ணப் போட்டுட்டானே! யாருப்பா அவன்?"

"படமே சொல்லும்க்கா. யார் பாக்குறாங்களோ அவங்க போன் நம்பர் ஓரத்துல மங்கலா ஓடுற மாதிரி வெச்சிருக்கேன். எழுதிக்கோங்க."

நாலாவது இலக்கத்திலேயே அவள் எழுதுவதை நிறுத்தினாள். மீதியை அவளே சொல்லி முடித்தாள்.

"தெரிஞ்சவரா?"

"என் புருஷன்."

தம்பி வைத்திருந்த, பணம் கட்டியவர்கள் பட்டியலில் அந்த எண்ணுக்குப் பெயர் தாமரை. தாமரையாம்! மாணவிகள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் தையல்காரிக்குச் சோறு இறங்காது, தாமரைக்கும் ஒன்று விடாமல் எழுதியிருந்தாள். காலர், கை, பட்டன் பட்டி. போன வாரக் கேள்வி: 'வெளிச்சம் நல்லா விழுதே மேடம், ஜன்னலுக்கு எதிர்ல என்ன இருக்கு?'

அவள் பதில்: 'சிவப்பு ஓடு போட்ட ஸ்கூல்மா. மைதானம் இருக்கு, அதான் வெளிச்சம்.'

மற்றவர்களுக்குப் போலவே தாமரைக்கும் துணி வெட்டும் அளவுக் காகிதம் தபாலில் போயிருந்தது. அனுப்புநர் முகவரியை அவள் எழுதவில்லை. முத்திரையில் ஊர்ப்பெயர் இருக்கும் என்று அப்போது யார் நினைத்தார்கள்? மகள் படிப்பது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான்.

"தம்பி, அவன் கணக்க மூடுப்பா! இப்பவே மூடு!"

"மூடுறேன்க்கா. இருங்க, இப்பதான் புதுசா ஒரு கேள்வி வந்திருக்கு."

"என்ன கேக்குறான்?"

தம்பி வெள்ளந்தியாகப் படித்தான். "ஸ்கூல் எத்தனை மணிக்கு விடும் மேடம்?"

எதிரே பள்ளி விடும் மணி அடித்தது. அவள் கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைக்காமல், வெறுங்காலோடு படியிறங்கி ஓடினாள்.