ஆறாம் எண் உப்பு

கெமிஸ்ட்ரியில் ஜெயப்ரியாவுக்குக் கைவந்தது ஒன்றே ஒன்றுதான்: ஓர் உப்பைக் கொடுத்தால் அது இன்ன உப்பு என்று சொல்லிவிடுவாள். மற்றபடி பென்சீன் வளையம் இரண்டு வருஷமாக அவள் கழுத்தில் மாட்டிய வளையமாகத்தான் தொங்கியது. தியரியில் எப்படியும் சறுக்கும். பிராக்டிகல்தான் தன்னைப் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து கரையேற்ற வேண்டும் என்று நம்பியிருந்தாள். அப்பேர்ப்பட்டவள், 1996 மார்ச் ஏழாம் தேதி, கல்கத்தாவின் ஒரு பள்ளி லேபில், இரண்டு மணி நேரமாக ஒரு சிட்டிகைத் தூளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

விதி எளிது. எண் எழுதிய காகிதப் பொட்டலம் ஒன்று தருவார்கள். உள்ளே ஒரு நேர் அயனி, ஓர் எதிர் அயனி. இரண்டையும் கண்டுபிடித்து எழுத வேண்டும். அவளுக்கு வந்தது ஆறாம் எண். பொட்டலத்தை ஜியாமெட்ரி பாக்ஸில் பத்திரமாக வைத்து, எண்ணை விடைத்தாளில் எழுதி, டெஸ்ட் ட்யூப் எல்லாம் கழுவி வைத்துவிட்டு, பாக்ஸைத் திறந்து, 6 என்று மேலே தெரிந்த பொட்டலத்தைப் பிரித்தாள்.

ஆரம்பம் ராஜபாட்டை. அமிலம் விட்டதும் புஸ்ஸென்று நுரைத்தது. வந்த வாயுவில் சுண்ணாம்பு நீர் பாலானது. கார்பனேட். அப்புறம்தான் சனி பிடித்தது. தூள் முழுசாகக் கரைய மறுத்து, 'முடிஞ்சா கரைச்சுப் பாரு' என்று அடியில் உட்கார்ந்துகொண்டது. தீயில் காட்டினால் செங்கல் சிவப்பு, கால்சியம். மறுபடி காட்டினால் மஞ்சள், சோடியம். நீலக் கண்ணாடி வழியே பார்த்தால் ஊதா, பொட்டாசியம். ஒருத்தர் குடியிருக்க வேண்டிய இடத்தில் ஒரு கூட்டுக் குடும்பமே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"கீ ஹோலோ, மா?"

என்னம்மா ஆச்சு என்று கேட்டவர் சென்குப்தா, ஜாதவ்பூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர்.

"ஸார், இது நான் படிச்ச எந்த உப்பு மாதிரியும் இல்லை" என்றாள் வங்காளத்தில்.

அவர் காகிதத்தோடு எடுத்து முகர்ந்தார். "கற்பூர வாசனை வருதே. இவ்வளவு மரியாதையா யார் உப்பு சப்ளை பண்றாங்க?"

ஜெயப்ரியா அப்போதுதான் காகிதத்தை ஒழுங்காகப் பார்த்தாள். பெரிய 6. அதன் கீழே பொடித் தமிழில்: புதன்கிழமை, ராகு காலம் 12 – 1.30.

அவளுடைய அம்மா தமயந்தி, மெட்ராஸிலிருந்து வரும் தினசரி காலண்டரில் கிழித்த தாள் எதையும் எறிய மாட்டாள். எல்லாம் விபூதி மடிக்க. இன்று காலையில் நேற்றைய தாளைக் கிழித்து, ஒரு பொட்டலம் மடித்து, "பயமா இருந்தா இட்டுக்கோ" என்று பாக்ஸில் போட்டவளும் அவள்தான்.

"ஸார், இது சாம்பல். சாமிக்கு வைக்கிறது" என்று நெற்றியில் மூன்று விரலால் கோடிழுத்துக் காட்டினாள் ஜெயப்ரியா.

சென்குப்தாவின் தொப்பை மட்டும் சத்தமில்லாமல் சிரித்தது. பாக்ஸைத் திறக்கச் சொன்னார். ப்ரொட்ராக்டருக்கு அடியில் நிஜமான ஆறாம் எண் கன்னி கழியாமல் கிடந்தது.

"பிரிக்கவே இல்லையே. நாற்பது நிமிஷம் இருக்கு. எழுதினதை அடிச்சுட்டு முதல்லேர்ந்து செய்."

"செய்யலாமா ஸார்?"

"சாமியைச் சோதிக்கக்கூடாதுன்னு கெமிஸ்ட்ரியில சட்டம் இல்லை. ஆனா மார்க்கும் இல்லை. ஆகட்டும், நேரம் போகுது."

அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, காஸ்டிக் சோடா சேர்த்துச் சூடாக்கினாள். அம்மோனியா குபீரென்று மூக்கில் ஏறிக் கண்ணைக் கலக்கியது. பொதுக் கழிப்பறையை நினைவூட்டும் அந்த நாற்றத்தை, அத்தனை நன்றியோடு வேறு யாரும் முகர்ந்திருக்க மாட்டார்கள். சில்வர் நைட்ரேட் விட்டாள். தயிர் போல வெள்ளையாகத் திரிந்தது. அம்மோனியம் குளோரைடு. மணி அடிக்க எட்டு நிமிஷம் இருந்தது. சென்குப்தா தாளைப் பார்த்து, தலையாட்டி, சிவப்பு மையில் ஒரு டிக் போட்டார். கிடர்பூர் தாண்டி பஸ் நெரிசலில் நின்றபோதுகூட அவளுக்கு அந்த டிக்தான் கண்ணில் நின்றது.

கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலிலேயே தமயந்தி பிடித்துக்கொண்டாள். "நல்லா செஞ்சியா? விபூதி இட்டுக்கிட்டியா?"

"நல்லா செஞ்சேன். விபூதியை மிச்சமில்லாம செலவழிச்சுட்டேன்."

"பார்த்தியா, அதான் காப்பாத்திச்சு. தியரிக்கும் ஒண்ணு மடிச்சுத் தரேன்."

"வேணாம்மா," என்றாள் ஜெயப்ரியா, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "இங்கேயே நெத்தி நிறையப் பூசி அனுப்பிடு."